நாற்பது என்று மட்டும் எழுதினேன்

அன்புள்ள மகனுக்கு,

பதினைந்து நாள் இடைவெளியில் நீ எழுதிய இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. அது எப்படி என்று தபால்காரரைக் கேட்டேன். "பிளேனுக்குள்ள ரெண்டும் பேசி வச்சுக்கிட்டு வந்திருக்கும் சார்" என்றார். முதல் கடிதத்தை உன் அம்மாவுக்கு உரக்க வாசித்தேன். அங்கே பாலைக் காலனில் விற்கிறார்கள், சோடாவை லிட்டரில் விற்கிறார்கள். மாத்திரை மில்லிகிராமில், அதை விழுங்குகிறவரின் எடை பவுண்டில். கேமராவுக்குள் போகிற பிலிம் மில்லிமீட்டரில், கழுவி வருகிற படம் அங்குலத்தில் என்றெல்லாம் நீ எழுதியிருந்ததைக் கேட்டு, அடுப்பில் வைத்திருந்த பாலை மறந்து சிரித்தாள். சர்க்கார் மீட்டருக்கு மாறச் சொல்கிறது, ஜனங்கள் தலையாட்டிவிட்டு அடியிலும் மைலிலும் இருந்துகொண்டிருக்கிறார்கள், சந்திரனுக்கு ஆள் அனுப்பிய தேசத்துக்கு ஒரு அளவைப் பிடித்துக்கொள்ளத் தெரியவில்லை என்று கேலி செய்திருந்தாய். "அங்கயும் நம்ம வீடு மாதிரித்தானா? அப்ப பிள்ளைக்கு ஒண்ணும் புதுசா இருக்காது" என்றாள் உன் அம்மா.

இரண்டாவது கடிதத்தை முதலில் நான் தனியாக வாசித்தேன். பிறகு அவளுக்கும் வாசித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் தீயணைப்புக் குழாய்களுக்குப் பம்பு தேர்ந்தெடுக்கும் வேலை உன்னிடம் வந்திருக்கிறது. நிமிடத்துக்கு ஐநூறு காலன் தண்ணீர் வேண்டும். நீ புரட்டிய விலைப்பட்டியல் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதில் ஐநூறு என்று போட்டிருந்தது லிட்டர். ஒரு காலன் ஏறக்குறைய நாலு லிட்டர். ஆகவே நெருப்பு என்று ஒன்று வந்தால் வேண்டிய தண்ணீரில் கால் பங்குதான் வரும். உன் கையெழுத்துக்கு மேலே இன்னும் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. அந்தச் சிறிய ஊரில் சோதனை என்பது குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பதோடு சரி என்கிறாய். மாதக் கடைசியில் பம்பைப் பொருத்தப்போகிறார்கள். சொன்னால் வேலை போகலாம். வேலை போனால் அந்த நாட்டில் இருக்கும் அனுமதியும் போகும். மருமகளுக்கு ஆறாம் மாதம். "பள்ளிக்கூடத்தில் தீப்பிடிக்கவா போகிறது? சொல்லட்டுமா, பேசாமல் இருக்கட்டுமா அப்பா?" என்று கேட்டு முடித்திருக்கிறாய்.

இந்தக் கேள்வியைக் கேட்பதற்கு உனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்றுதான் முதலில் நினைத்தேன். உனக்கு என்னைத் தெரியும். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட, வேறு யாராவது இறங்குகிறார்களா என்று பார்த்துவிட்டு எழுந்திருக்கிறவன் நான். தைரியமான ஒரு தகப்பன் இதற்கு ஒரே வரியில் பதில் எழுதியிருப்பான். எனக்கு அந்த வரியை எழுதும் தகுதி உண்டா என்று நான்கு நாளாக யோசித்தேன். தகுதி இருக்கிறது என்று இப்போதும் நிச்சயமாகத் தோன்றவில்லை. ஆனால் நீ இப்போது நிற்கிற இடத்தில் நான் ஒரு முறை நின்றிருக்கிறேன். அதை உன்னிடம் சொன்னதில்லை. உன் அம்மாவுக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

அதற்கு முன்னால், அமெரிக்காக்காரர்களை நீ கேலி செய்ததைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீட்டை நினைத்துப் பார். உன் அம்மா அரிசியைக் கிலோவில் வாங்கி, உழக்கில் அளந்து உலையில் போடுகிறாள். எண்ணெய் லிட்டர்; பால்காரர் ஊற்றுவது இன்றைக்கும் ஆழாக்கு. சட்டைத்துணி மீட்டர், அதைத் தைக்கக் கொடுத்தால் டெய்லர் உன் மார்பை அங்குலத்தில் அளப்பார். மல்லிகைப் பூ முழம். அதிலும் பூக்காரியின் கை நெட்டையா குட்டையா என்று பார்த்து வாங்கவேண்டும். நகை பவுன். நிலம் உழுகிற சம்சாரி வாயில் குறுக்கம், பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும், மேலே போகிற காகிதத்தில் ஹெக்டேர். மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்ட வருஷம், திருச்சுழியிலிருந்து வருகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டது இப்போதும் காதில் இருக்கிறது.

"ஏலே, நேத்து வரைக்கும் அருப்புக்கோட்டை ஒம்பது மைலு. இன்னைக்குக் கல்லுல பதினஞ்சுன்னு போட்டிருக்கான். ஊரைத் தள்ளி வச்சுட்டானா?"

"ஊரைத் தள்ளல மாப்ள. டிக்கெட்டை ஏத்துறதுக்கு முன்னால கல்லை ஏத்திப் பாக்கான்."

பஸ் முழுக்கச் சிரித்தது. அருப்புக்கோட்டையும் இருந்த இடத்தில்தான் இருந்தது. ஒன்பது மைல் என்று சொல்கிறவன் மைல் என்றும் சேர்த்துச் சொல்கிறான். பதினைந்து என்கிறவன் கிலோமீட்டர் என்கிறான். ஆகவே யாரும் வழி தவறவில்லை. மனிதர்கள் இரண்டு மூன்று அளவுகளை ஒரே வீட்டுக்குள் வைத்துக்கொண்டு குழப்பமில்லாமல் வாழ்ந்துவிடுகிறார்கள் என்பது என் அனுபவம். குழப்பம் வேறொரு இடத்தில் வருகிறது. அந்த இடத்துக்குத்தான் இப்போது வருகிறேன்.

அறுபதுகளில் நான் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே ஒரு சின்ன சர்க்கார் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தேன். ஊர் பெயர் உனக்குத் தெரியும். இங்கே எழுத வேண்டாம். அலுவலகத்துக்குப் பின்னால் ஆடு புகாமல் முள்கம்பி கட்டிய இடத்தில் ஒரு மழைமானி இருந்தது. தகர உருளை, மேலே ஒரு புனல், உள்ளே ஒரு குப்பி. காலை எட்டரை மணிக்குக் குப்பித் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றி, எத்தனை கோடு என்று பார்த்து எழுதுவது என் வேலைகளில் ஒன்று. பழைய குவளையில் அங்குலமும் சென்ட்டும். நூறு சென்ட் ஓர் அங்குலம். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. யாரிடமும் பேச வேண்டியதில்லை, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்தால் போதும்.

கருப்பாயி அம்மா என்று ஒருவர் காட்டுக்குப் போகிற வழியில் கம்பி வேலிக்கு வெளியே நின்று கேட்பார். புருஷன் இல்லாதவர், நாலு குறுக்கம் கரிசல் காடும் ஒரு ஜோடி மயிலைக் காளையும் வைத்துக்கொண்டு, சோளமும் பருத்தியும் ஊடு பயிராக மல்லியும் போட்டுத் தனியாகச் சம்சாரித்தனம் பண்ணினவர். என்னைவிட ஐந்தாறு வயது பெரியவர். நான் வாயைத் திறந்து பேசிய மிகச் சிலரில் அவர் ஒருவர். காரணம், பேச்சு முழுவதையும் அவரே பேசிவிடுவார்.

"கிளார்க்கய்யா, உங்க குப்பியில இன்னைக்கு எம்புட்டு?"

"முப்பது சென்ட் அம்மா."

"மழையிலயுமா சென்ட்டு? அப்ப எனக்கு அதுல ஒரு அஞ்சு சென்ட்டு பட்டா போட்டுக் குடுங்க."

பிறகு கையிலிருக்கிற களைக்கொட்டை வேலியோரத்து மண்ணில் குத்தி இழுத்துப் பார்ப்பார். ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அதில் தெரியும். "அரை உழவுக்குக் காணாது" என்பார். மானாவாரிக் காட்டை ஒரு முறை உழுவதற்கு வேண்டிய ஈரத்தைத் தருகிற மழை ஓர் உழவு மழை. அதுதான் அந்தப் பக்கத்தின் அளவு. நான் சென்ட்டில் எழுதியதும் அவர் உழவில் சொன்னதும் அநேகமாக ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் நான் என் குவளையைத்தான் நம்பினேன். படித்தவன் அல்லவா.

பிறகு மில்லிமீட்டர் வந்தது. மி.மீ. என்று அச்சடித்த புதுப் பதிவேடும், மேலே தபாலில் அனுப்பும் அட்டைகளும், புதுக் குவளையும் வந்தன. பழைய குவளையைத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவில்லை, அலமாரியில் வைத்தேன். ஏழெட்டு மாதம் கழித்து, புதுக் குவளையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அது என் கையிலேயே விண்டுபோனது. சர்க்கார் சாமான். உடைந்தது என்று ஒரு காகிதம் எழுதி மேலே அனுப்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான். "எப்படி உடைந்தது? விளக்கம் தருக" என்று பதில் வருமே என்று பயந்தேன். உடைந்ததைத் துணியில் சுற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டுப் பழைய குவளையை வெளியே எடுத்தேன். காலையில் அதில் அளந்து, சென்ட் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொள்வேன். மத்தியானத்துக்கு மேல், சென்ட்டை மில்லிமீட்டராக மாற்றும் பட்டியல் ஒன்றை நானே தயாரித்து வைத்திருந்தேன், அதைப் பார்த்து மாற்றிப் பதிவேட்டிலும் அட்டையிலும் ஏற்றுவேன். நாலு சென்ட் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு புள்ளி தவறாமல் செய்தேன். என் ஒழுங்கைப் பற்றி எனக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது. அந்த ஒழுங்கு முழுவதும் ஒரு பயத்தை மூடுவதற்காக உண்டானது என்பது அப்போது உறைக்கவில்லை.

நீ ஒன்பதாம் வகுப்புப் படித்தபோது உனக்கு டைபாய்டு வந்தது உனக்கு நினைவிருக்கும். ஐப்பசி மாதம். நூற்று மூன்று டிகிரி என்றார் டாக்டர். வெயிலை ரேடியோவில் சென்டிகிரேடில் சொல்ல ஆரம்பித்த பிறகும் காய்ச்சல் மட்டும் பாரன்ஹீட்டிலேயே ஏறிக்கொண்டிருந்தது. அருப்புக்கோட்டையில் உன்னைச் சேர்த்திருந்தோம். அம்மா உன்னோடு. நான் கஞ்சியையும், மருந்துக்கு வீட்டிலிருந்து கழுவி எடுத்த பாட்டிலையும் கொண்டு ஒன்பதேகால் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அந்த பாட்டிலில் கம்பவுண்டர் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டித் தருவார், ஒரு பல் ஒரு வேளை. வருஷம் முழுக்கப் பொய்த்த மழை, அந்த மூன்று நாள்தான் கொஞ்சம் விழுந்தது. மத்தியானம் வரை உட்கார்ந்து மாற்றி எழுத எனக்கு நேரமில்லை. குவளையைப் பார்த்தேன், மழைமானிக்குப் பக்கத்தில் நின்றபடியே அட்டையை நிரப்பித் தபாலில் போட்டுவிட்டு ஓடினேன். முதல் நாள் நாற்பது. மறுநாள் ஐம்பத்தைந்து. மூன்றாம் நாள் முப்பத்திரண்டு. அவை சென்ட். அட்டையில் அச்சடித்திருந்தது மி.மீ. உன்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை என்பது உனக்குத் தெரியவேண்டும். காய்ச்சல் உன்னுடையது, அலமாரிக்குப் பின்னால் இருந்த உடைந்த கண்ணாடி என்னுடையது.

முப்பத்திரண்டு மில்லிமீட்டர் பெய்த இடத்தில் நூற்றிருபத்தேழு பெய்ததாகக் காகிதம் சொன்னது. நீ குணமாகி வீட்டுக்கு வந்தாய். பதிவேட்டை நிரப்பும்போதும் அட்டையின் பிரதியைப் பார்த்தே நிரப்பினேன். நான் எழுதியது, தவறாகவா இருக்கும். அதற்குப் பிறகு மழை இல்லை. சோளம் முழங்கால் உயரத்தில் நின்று காய்ந்தது. மாசி மாதம் வறட்சி வேலைகளுக்கான பட்டியல் வந்தது. ரோடு போடும் வேலையும் கண்மாய் தூர் எடுக்கும் வேலையும் கொடுத்து, மாட்டுக்கு வைக்கோலும் கொடுத்தார்கள். பந்தல்குடிப் பக்கம் இருந்தது, மல்லாங்கிணறு பக்கம் இருந்தது. எங்கள் பகுதி இல்லை. விதைப்புப் பருவத்தில் போதிய மழை பெய்திருக்கிறது என்று காரணம் போட்டிருந்தது.

கருப்பாயி அம்மா அன்று வேலிக்கு வெளியே நிற்கவில்லை. அலுவலகத்துக்குள்ளேயே வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"மழை பேஞ்சுச்சுன்னு எழுதிட்டாகளாமே. எங்க பேஞ்சது? உங்க குப்பிக்குள்ள மட்டும் பேஞ்சதா?"

"கருவி காட்டியதைத்தான் எழுதினோம் அம்மா."

"கருவிக்குக் கண்ணு இருக்கா? ஒரு உழவுக்குக் காணாதுன்னு அன்னைக்கே வேலிக்கிட்ட வச்சுச் சொன்னேனா இல்லையா?"

சொன்னார். நான்தான் கேட்கும் நிலையில் இல்லை. அவர் போன பிறகு, வேறு எதற்காகவும் இல்லை, நான் சரி என்று எனக்கே காட்டிக்கொள்வதற்காகப் பழைய துண்டுக் காகிதங்களை எடுத்தேன். எல்லா நாளுக்கும் துண்டுக் காகிதம் இருந்தது. அந்த மூன்று நாளுக்கு மட்டும் இல்லை. துண்டுக் காகிதம் இல்லையென்றால் நான் மாற்றவில்லை என்று அர்த்தம். பியூன் வந்து, "சார், டீ ஆறி ஏடு கட்டிருச்சு" என்றார்.

இனிமேல் எழுதுவதை மூன்று முறை அடித்து எழுதினேன். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. உண்மை அதுதான், அதை மென்மையாக எழுத வழி கிடைக்கவில்லை. தினமும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் சட்டையைப் போடுவேன். ஒரு நாள் அதிகாரிக்குத் தலைவலி. ஒரு நாள் வெள்ளிக்கிழமை, நல்ல நாளில் எதற்கு. ஒரு நாள் அவர் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சிரிக்கிறவரிடம் போய் இதைச் சொல்வானேன் என்று கதவு வரை போய்த் திரும்பினேன். சொன்னால் முதலில் குவளை வெளியே வரும், பிறகு ஒரு வருஷமாகச் செய்த மறைப்பு வெளியே வரும், வேலை போகும், உன் படிப்பு நிற்கும் என்று வரிசையாகக் கணக்குப் போட்டுவைத்திருந்தேன். இன்னொரு சமாதானமும் கைவசம் இருந்தது: ஒருவேளை அடுத்த பட்டியலில் தானாகச் சேர்த்துவிடுவார்கள், நான் சொல்லாமலே சரியாகிவிடும். "பள்ளிக்கூடத்தில் தீப்பிடிக்கவா போகிறது" என்று நீ எழுதியிருந்த இடத்தில் நான் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். என் சமாதானத்தை உன் கையெழுத்தில் வாசிப்பது போலிருந்தது.

பதினேழாம் நாள் காலையில் நான் வேலிக்குள் நின்றுகொண்டிருந்தபோது கருப்பாயி அம்மாவின் மயிலைக் காளைகள் ரோட்டில் போயின. ஓட்டிப்போனது வேறு ஆள், வியாபாரி. கருப்பாயி அம்மா அவற்றின் பின்னால் கொஞ்ச தூரம் நடந்து வந்து, வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். "தீவனமில்லாம கட்டுத்தறியில சாகிறதுக்கு, எங்கயாச்சும் போய்த் தின்னுட்டு இருக்கட்டும்" என்றார். என்னிடம்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். முகம் ரோட்டைப் பார்த்திருந்தது. அன்றைக்கும் நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பத்தொன்பதாம் நாள் உடைந்த கண்ணாடியைத் துணியோடு எடுத்துக்கொண்டு அதிகாரியின் மேஜையில் வைத்தேன். அதை வைத்துவிட்டால் பிறகு பேசாமல் வர முடியாது என்பதற்காக அப்படிச் செய்தேன்.

அவர் முழுவதையும் கேட்டார். "ஏன்யா, உடைஞ்சதுக்கு ஒரு காயிதம் போட்டா புதுக் கண்ணாடி வந்திருக்கும்ல?" என்றார். பிறகு, "எப்பத் தெரியும் உமக்கு?" என்று கேட்டார்.

"பத்தொன்பது நாளா சார்."

அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். "தப்பை எழுதினதுக்கு நான் உமக்காகப் பேசிருவேன். இந்தப் பத்தொன்பது நாளுக்கு யார்யா பேசுறது?"

அன்றைக்கே மேலே எழுதினார். விசாரணை நடந்தது. ஒரு வருஷம் என் சம்பள உயர்வை நிறுத்தினார்கள். நான் பயந்து வைத்திருந்ததோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமேயில்லை. புதுக் குவளை எட்டே நாளில் வந்தது. பட்டியலைத் திருத்தி எங்கள் பகுதிக்கு வேலையும் வைக்கோலும் வர இரண்டு வாரம் ஆயிற்று. வைக்கோல் வண்டி வந்தபோது கருப்பாயி அம்மா வீட்டுத் தொழு காலியாக இருந்தது. அவர் ரோட்டு வேலையில் சல்லி உடைத்துக்கொண்டிருந்தார். அங்கே போய்த்தான் சொன்னேன். சுற்றிலும் பெண்கள் இருந்தார்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமா என்று யோசித்தேன், கூப்பிட வாய் வரவில்லை, அங்கேயே சொன்னேன்.

அவர் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. "கண்ணாடி ஒடஞ்சதுக்கா பயந்து கெடந்தீக?"

"ஆமாம்மா."

"என்னையக் கேட்டிருந்தா அதுக்கு ரெண்டு கோழி வித்துக் குடுத்திருப்பேனே. காளையைக் குடுக்க வச்சுட்டீகளே." பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு சிரிக்காமல், "அன்னைக்கு அந்த ஏவாரி மாட்டை ஓட்டிட்டுப் போகையில, நீங்க வேலிக்குள்ள நின்னீக. அப்பவே தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

அவர் அடுத்த கல்லை இழுத்து வைத்து உடைத்தார். நான் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த இரண்டு வருஷம் அவர் வாடகை மாட்டில்தான் உழுதார். மானாவாரிக் காட்டில் அது என்னவென்று உனக்குத் தெரியாது. ஈரம் நாலு நாள் நிற்கும்; மாடு வைத்திருப்பவர் தன் காட்டை உழுது முடித்த பிறகே வாடகைக்கு விடுவார். கருப்பாயி அம்மாவின் முறை வரும்போது மண் இறுகியிருக்கும். இரண்டு வருஷமும் விதைப்பு பிந்தியது, இரண்டு வருஷமும் பாதிதான் விளைந்தது. வேலிக்கு வெளியே நின்று எம்புட்டு என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை. ஆனால் நான் சொன்ன பிறகு, "என்ன அளவு அது? முழுசாச் சொல்லுங்க" என்பார். நான் முழுதாகச் சொல்வேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை பதிவேட்டில் எந்த எண்ணையும் நான் தனியாக விட்டதில்லை. மில்லிமீட்டரில் எழுதி, அதன் பக்கத்திலேயே மி.மீ. என்று எழுதுவேன், மேலே அச்சில் இருந்தாலும். குறிப்புப் பகுதியில், "ஓர் உழவுக்குப் போதாது" என்றோ, "ஓர் உழவு" என்றோ அவர் சொன்னதையும் எழுதிவைத்தேன். தணிக்கைக்கு வந்த ஒருவர், "இது என்ன அளவு?" என்று கேட்டார். "சரிபார்க்கிற அளவு சார்" என்றேன். வெட்டச் சொல்லவில்லை.

ஆகவே, தம்பி, லிட்டரையும் காலனையும் ஒரே தேசத்தில் வைத்துக்கொண்டிருப்பதற்காக அந்த ஜனங்களைப் பார்த்துச் சிரிக்காதே. நாமும் அப்படித்தான், அதனால் நாம் கெட்டுவிடவில்லை. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அளவை விட்டுவிட்டு ஓடுகிற அவசரத்தில்தான் தவறு நடக்கிறது. எனக்கு நாற்பது, உனக்கு ஐநூறு. அதற்காக உன்னை நான் குறை சொல்ல மாட்டேன். சொல்லவும் எனக்கு முகமில்லை. தவறு எழுத எனக்கு அரை நிமிடம் ஆயிற்று. அந்த அரை நிமிடத்தால் அந்தக் காளைகள் போகவில்லை என்று இப்போது நினைக்கிறேன். அது உடனே தெரிந்து உடனே சொல்லப்பட்டிருந்தால், வைக்கோல் வந்திருக்கும், அவை தொழுவில் நின்றிருக்கும். இது சரியான கணக்குத்தானா என்று பலமுறை திருப்பிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் இதே விடைதான் வருகிறது.

எனக்குச் சம்பள உயர்வு மட்டும் போனது என்பதால் உனக்கும் லேசாக முடிந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். உன் முதலாளி எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. வேலை போகலாம். ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கலாம். மருமகளுக்கு இங்கே பிரசவம் பார்ப்பதென்றால் உன் அம்மாவுக்கு அதைவிட வேறு வேலை கிடையாது. நீங்கள் வந்தால் முன்னறையைக் காலி செய்து தருகிறேன், என் புத்தகங்களைக் கட்டிப் பரணில் வைக்க ஒரு மத்தியானம் போதும். என் பென்ஷனில் நாலு பேர் கொஞ்ச நாள் சாப்பிடலாம். உன் படிப்புக்கு இங்கே வேலை கிடைக்காமல் போகாது, கொஞ்சம் தாமதமாகலாம். இதெல்லாம் நஷ்டம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திருப்பி எடுக்கக்கூடிய நஷ்டம். அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நீ எழுதவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தெரிந்துகொண்டும் அந்த எண்ணை எனக்கு எழுதாமல் விட்டிருக்கிறாய் என்றுதான் தோன்றுகிறது.

மேலே உள்ளவற்றை நேற்று எழுதினேன். எழுதி முடித்து மடிக்கும்போதுதான், இது உன் கைக்கு வர இரண்டு வாரமாவது ஆகும், மாதக் கடைசி அதற்குள் வந்துவிடும் என்று உறைத்தது. கடிதம் எழுதுவதும் ஒருவகையில் கதவு வரை போய்த் திரும்புவதுதான் போலிருக்கிறது. இன்று காலை அருப்புக்கோட்டை தந்தி ஆபீஸுக்குப் போய்விட்டு வந்து இந்தக் கடைசிப் பகுதியை எழுதுகிறேன். வெளிநாட்டுத் தந்தி நான் இதுவரை கொடுத்ததில்லை. கவுண்டரில் இருந்தவர் சின்ன வயது. என் தாளை வாங்கி ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாய்க்குள் படித்தார். "அவர்களிடம் இன்றே சொல்லிவிடு. அப்பா" என்று அதற்கு அர்த்தம்.

"சொல்லுக்குச் சொல் காசு வாங்குவாகய்யா, அமெரிக்காவுக்கு ரேட்டு ரொம்பக் கூட" என்றார். "'இன்றே'ங்கிறதை எடுத்துருவமா? நீங்க இன்னைக்குன்னு எழுதினா அவுகளுக்கு அது நேத்தா நாளைக்கான்னு ஆருக்குத் தெரியும்? அது இல்லாமலே வெவரம் வெளங்கிருது."

பென்சிலை அந்தச் சொல்லின்மேல் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நாலைந்து பேர் நின்றார்கள். சாதாரணமாக இப்படிப்பட்ட நேரத்தில் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவேன்.

"வேற எதை வேணும்னாலும் எடுங்க தம்பி" என்றேன். "'அப்பா'ன்னு இருக்கே, அதை வேணும்னா எடுத்துக்கங்க. அவனுக்குத் தெரியும். 'இன்றே' இருக்கட்டும்."